பங்காரு வாய்க்கால், மாசி பதினெட்டு

நூற்றுப் பன்னிரண்டு வீடு முடித்தாயிற்று.
தொட்டி, டிரம், பூச்சாடி,
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் யாருமே பார்க்காத தட்டு,
மொட்டைமாடியில் ஒரு கொட்டாங்கச்சி.
புழு உண்டு, புழு இல்லை என்று
கதவுக்குக் கதவு சாக்பீஸில் எழுதிவிட்டு
பாகூர் ஏரிக்கு வரும் வழியில்
வண்டியை நிறுத்துகிறேன்.

வாய்க்கால் இப்போது ஓடவில்லை.
கார்த்திகையில் கரையைத் தின்றுகொண்டு வந்த தண்ணீர்
குட்டை குட்டையாய் நின்றுவிட்டது.
கோரைக்கு நடுவே ஊசித்தட்டான்.
முதலில் தெரிவதில்லை.
கோரையே ஒரு விரற்கடை நகர்ந்தாற்போல் இருக்கும்.
பிறகு ஒரு நீலம்.
பிறகுதான் அந்த நீலத்துக்குக் கண்ணும் உண்டென்பது.

மழை விட்ட புதிதில் வானம் கொள்ளாமல் பறந்தன.
இன்று எண்ண முடிகிறது.
எண்ணுவதுதானே என் வேலை.
ஊசித்தட்டான் பதினொன்று.
அதில் ஒரு ஜோடி:
ஆண் கழுத்தைப் பிடித்திருக்க
பெண் இடுப்பளவு முங்கி
தண்டுக்குள் முட்டை செருகுகிறது.
சிவப்புத் தும்பி மூன்று.
கிழட்டு ஆண் ஒன்று, முதுகெல்லாம் சாம்பல் பூத்து,
வலது பின்னிறகில் கால்வாசி இல்லை.
ஆனாலும்
முறிந்த மூங்கில் முனையை
யாருக்கும் விட்டுத்தருவதாயில்லை.
துரத்துகிறது, திரும்புகிறது, அதே முனை.
துரத்த ஆளில்லாதபோதும்
ஒரு சுற்று போய்விட்டு வருகிறது.

அமலோற்பவம் அக்கா போனில் கேட்கிறார்:
‘குட்டைக்கு மருந்து ஊத்தியாச்சா?’
கையில் அரை பாட்டில் இருக்கிறது.
குனிந்து கரண்டியால் மொண்டேன்.
சேற்று நிறத்தில் ஒன்று,
இறகு முளைக்குமுன் தும்பி இருக்கும் கோலம்,
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை,
கரண்டிக்குள்ளேயே தாடையை நீட்டி
ஒரு கொசுப்புழுவை எடுத்துக்கொண்டது.
மூடியை இறுக்கித் திருகினேன்.
‘இங்க ஆள் போட்டிருக்குக்கா.’
‘யாரு, சஞ்சீவிராயனா?’
‘இல்ல. வேற ஆளு.’

திரும்பி வந்தால்
வண்டியின் கறுப்பு ரெக்சின் சீட் மேல்
ஒரு பெண் தும்பி
வால் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது.
மினுங்கியதைத் தண்ணீரென்று நம்பிவிட்டது.
கடுகிலும் சிறிய முட்டைகள்
கொதிக்கும் ரெக்சினில்.
கையை வீசினேன். விலகிற்று,
மறுபடி அங்கேயே வந்தது.
கடைசியில் கோட்டைக் கழற்றி சீட்டின் மேல் போர்த்தினேன்.
வெளுத்துப்போன துணி அதற்குப் பிடிக்கவில்லை.
இரண்டு வட்டம் அடித்துவிட்டு
குட்டைப் பக்கம் போயிற்று.

ஒட்டியிருந்ததை விரலால் வழித்து
நீரில் அலசினேன்.
பிழைக்குமா, தெரியாது.

பதிவேட்டில்
இடம் எழுதியாயிற்று. புழு: உண்டு.
‘நடவடிக்கை’ என்கிற கட்டம்
ஒரு விரல் அகலம்தான்.