மேல் பெர்த்

பகல் மூன்று மணிக்கு யாங்கோனில் வண்டி.
கைப்பையில் ஈரப்பதம் பார்க்கும் கருவி,
பழைய சேலைத்துண்டில் சுற்றிய குத்தூசி.
மாண்டலேயில் எண்ணூறு மூட்டை உளுந்து
என் மூக்குக்காகக் காத்திருக்கிறது.

நாலு படுக்கை, ஒரே கதவு.
அதுவும் நடைமேடைப் பக்கம் மட்டும்தான்.
அடுத்த பெட்டிக்கு வழி கிடையாது.
கிளம்பிவிட்டால், யாரோடு அடைபட்டோமோ
அவர்கள்தான் ஊர்,
அவர்கள்தான் போலீஸ்.

எனக்குக் கீழே ஒருவர்
முகத்தில் சட்டையைப் போர்த்தி, நகரம் தாண்டுமுன்னே
குறட்டைக்குள் போய்விட்டார்.
எதிர் மேல்தட்டில் கல்லூரிப் பையன்,
மடியில் பெட்டி பிரிக்காத பிரஷர் குக்கர்.
அவனுக்குக் கீழே ஒரு பெண், என் வயதிருக்கும்.
நெஞ்சைத் தொட்டு, "தான் தான்" என்றாள்.
வேறு யார், என்று நினைத்துக்கொண்டேன்.
கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது, அது பெயர்.

செண்பகவடிவு என்றேன்.
"செய்ன்?"
போதும், அவ்வளவே போதும்.
பையன் கைபேசியில் தட்டிக் காட்டினான்:
அவர்கள் ஊரிலும் அப்படி ஒரு பெயர் உண்டாம், பொருள்: கல்.
மோதிர விரலைத் தொட்டு ஏதோ திருத்த வந்தான்,
அதற்குள் சிக்னல் போயிற்று.
உளுந்தில் கல் பார்த்துப் பிழைப்பவளுக்கு
அந்த வரையில் சரியாகத்தான் இருந்தது.

பகோ வரை வண்டி நடந்தது.
அப்புறம் குதித்தது.
இருபது வருஷம் முறமும் கையுமாக இருந்தவளை
உளுந்தாக்கிப் புடைத்தது தண்டவாளம்.
ஜன்னல் வழியே ஒரு கிளை நுழைந்து
பையனை அறைந்துவிட்டுப் போனது.
குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பிறகுதான் கன்னத்தைத் தடவினான்.

இரவு.
விளிம்புக் கம்பி ஒரு சாண் உயரம், அதிலும் பாதியைக் காணோம்.
கண் அயரும்போதெல்லாம் உடம்பு
பலகையை விட்டு எழும்பி
மறுபடி வந்து சேர்ந்தது.
ஒரு தடவை முழுசாக வந்து சேரவில்லை,
கால் ஒன்று வெளியே தொங்கியது.

தான் தான் எழுந்து நின்றாள்.
பையைத் துழாவி, பூப்போட்ட லுங்கி ஒன்றை எடுத்தாள்.
எனக்குக் கீழே தூங்குகிறவரை
ஏனோ ஒருமுறை பார்த்தாள்.
அப்புறம் என் இடுப்பைச் சுற்றி, கம்பியைச் சுற்றி,
இழுத்துப் பார்த்து, இன்னொரு சுற்று.
சாக்கு வாயில் எத்தனையோ முடிச்சு பார்த்திருக்கிறேன்,
இது அதில் எதுவும் இல்லை.
"இறுக்குது," என்றேன், தமிழில்.
தளர்த்தினாள்.

நேபிடோவில் விழிப்பு வந்தது.
ஆளே இல்லாத நடைமேடை முழுக்க
கல்யாண மண்டபத்துக்குப் போட்டதுபோல் விளக்கு.
முதலாளியின் செய்தி வந்து கிடந்தது: ஈரம் எவ்வளவு?
ஊரில் மணி நமக்கு ஒன்று பின்னால்,
இன்னும் கணக்கில்தான் உட்கார்ந்திருப்பார்.
கட்டிப்போட்ட நிலையில் பதில் எழுதினேன்:
இன்னும் போய்ச் சேரவில்லை.

விடியும்போது எதிர்க் கீழ்ப்படுக்கை காலி.
தாஸியில் இறங்கியிருப்பாள்,
மலைக்குப் போகிறவர்கள் அங்கே மாற வேண்டுமாம்.
எழுப்பியிருந்தால் துணி கிடைத்திருக்கும்.
எழுப்பவில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பத்து நிமிஷம்.
பல்லால் கடி, என்று ஜாடை காட்டினான் பையன்.
கடைசியில் குத்தூசி நுனியால் நெம்பி,
நூல் ஒன்றுகூட அறாமல் எடுத்தேன்.
கீழே இருந்தவர் முகத்துச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு
யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

எண்ணூறில் நாற்பது மூட்டை தள்ளினேன்.
தேநீர் நேரத்தில் தரகரிடம் கதையைச் சொன்னால்
கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.
பெண் உடுத்தும் துணி
ஆண் தலைக்கு மேலே தொங்கக் கூடாதாம் இங்கே.
தெரிந்தவள் எவளும் செய்ய மாட்டாளாம்.

தெரிந்துதான் செய்தாள், என்று சொல்லவில்லை நான்.
சாயங்காலம் துவைத்தேன்.
விடுதிக் கொல்லையில், ஆள் நடக்காத மூலை பார்த்து,
தரையை ஒட்டி உலர்த்தினேன்.

நாளை திரும்பும் வண்டியிலும்
எனக்கு மேல் பெர்த்தான்.
துணி பையில் இருக்கிறது.
முடிச்சுதான் போடத் தெரியவில்லை.