மீதி

இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு.
நாலால் வகுத்தால் எழுநூற்றுப் பதினொன்று,
மீதி மூன்று.

காரைக்குடியில் எங்கள் மேல்நிலைப் பள்ளியை
நாலு சின்னப் பள்ளிகளாக்க உத்தரவு வந்த வாரம்
தலைமையாசிரியர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.
நான் இளநிலை உதவியாளர்.
சாத்திக்கொள்ள எனக்குக் கதவில்லை,
பெயர்களைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

பெயின்டர் அடைக்கலம் நாலு டப்பாவோடு வந்தார்.
மைதானத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனவர்
குடிநீர்த் தொட்டி முன்னால் குத்தவைத்துவிட்டார்:
"நாலுக்கு எப்படிப் பிரிக்க மேடம்?
குழாய் பதினஞ்சுல்ல இருக்கு."
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.
அப்புறமும் சொல்லவில்லை.

விலங்கியல் எலும்புக்கூடு
ஒரு பள்ளிக்கு வாரம் ஒன்றேகால் நாள்.
மணி ஒன்றுதான். அதை நாலு நேரத்தில் அடித்தால்
செக்காலை ரோட்டுக் கடைகள் குழம்புமே என்று
புகார் வருவதற்கு முன்பே
ஒரு கூட்டம் போட்டுப் போண்டா தின்றோம்.

கணிப்பொறி கடைசித் தாளில்
மூன்று பெயர் மட்டும் துப்பியது.
நாலு பொறுப்பாசிரியர்களிடமும் கொண்டுபோனேன்.
"எங்களுக்கு எழுநூற்றுப் பதினொன்று ஆயிடுச்சே"
என்றார் நீலம்.
"பெஞ்சு பத்தாது" என்றார் பச்சை.
மஞ்சள் சாப்பிடப் போயிருந்தார்.
அரக்கு மட்டும் கேட்டார்:
"யார் இவங்க?"

பதினோரு வருஷமாகப் பெயர் அடிக்கிறேன்.
உதவித்தொகைக்கு, சைக்கிளுக்கு, மாற்றுச் சான்றிதழுக்கு.
இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

முதல் பெயர் வெள்ளைக்கண்ணு,
பதினோராம் வகுப்பு, வணிகவியல்.
ஆடியிலிருந்து தை வரை
பதிவேட்டில் ஒருநாள்கூட விடுப்பில்லை.
வகுப்பில் ஆள் இல்லை.
எழுபத்திரண்டு தலையை எண்ணுவதைவிட
எழுபத்திரண்டு புள்ளி வைப்பது சுலபம்.
புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லாரி புக்கிங் ஆபீசில்
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.
"என்னையவா தேடி வந்தீங்க?"
மூன்று தடவை கேட்டான்.
மூன்றாவது தடவை
மூட்டையிலிருந்து இறங்கியிருந்தான்.

அடுத்து ஜெய்லானி பீவி, ஒன்பது ஜே.
கண்டுபிடித்தது ஒன்பது எச்சில்.
"இங்கதான் ஃபேன் ஓடுது."
ஜூலையிலிருந்து அங்கேதானாம்.
இரண்டு வகுப்பாசிரியருக்கும் தெரியாது.
சிரிப்பை விழுங்கிவிட்டு
ஃபேன் ஓடும் பள்ளி எதுவோ
அதில் அவளை எழுதினேன்.

ஆரோக்கிய ஸ்டெல்லா, பத்தாம் வகுப்பு.
மாடிப்படி முடிகிற இடத்தில் தனியாகச் சாப்பிடுகிறவள்.
"சின்னப் பள்ளிக்கூடத்துல
எல்லாரையும் எல்லாருக்கும் தெரியுமாமே மேடம்?"
ஆமாம் என்றேன், பெருமையாகவே.
நோட்டீசில் அந்த வரி நான் அடித்ததுதான்.
"அப்ப எங்கப்பா எங்க இருக்காருன்னும் தெரிஞ்சிரும்ல.
இந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் யாரும் கேக்கல.
எனக்கு இப்படியே நல்லாத்தான் இருக்கு."
டிபன் பாக்ஸை மூடினாள்.

அன்று வீட்டுக்குப் போய்
நோட்டீசை மறுபடி படித்தேன்.
அந்த வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

தை பிறந்து மூன்றாவது திங்கட்கிழமை
நாலு காலைக் கூட்டம்.
நாலு ஒலிபெருக்கி ஒன்றை ஒன்று இடறியது.
நீலத்துக்கு வாழ்த்துப் பாடினால்
பச்சை எழுந்து நின்றது.

வெள்ளைக்கண்ணு பத்தரைக்கு வந்தான்,
சட்டையெல்லாம் தவிட்டு வாசனை.
நாளைக்கு வருவானா, தெரியாது.
வரவில்லையென்றால்
பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டெல்லாவை அரக்கில் போட்டிருந்தேன்.
"யார் இவங்க?" என்று கேட்டவரிடம்
பெயரை மட்டும் சொன்னேன்.
அவர் மேலே கேட்க வாயெடுத்தார்,
எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

மதியம் தொட்டிப் பக்கம் போனேன்.
மூன்று மூன்றாக நிறம் அடித்தது போக
ஓரத்தில் மூன்று குழாயை
அடைக்கலம் வெறுமனே விட்டிருந்தார்.
அதில் ஒன்றில் அவள்
பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.
நிரம்பி வழிந்தும் மூடவில்லை.