வடியவிட்டு நிறுத்தல்

ஐரோலியில் இரவு ஒன்றே கால்.
வெளியே ஜூலை கொட்டுகிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி; அண்ணனின் ஸ்வெட்டரில் நான்.

மூன்று சர்வர்கள், நான்கு தளங்கள்.
முலுண்டின் சோபாக் கடை, ஒரு கல்யாண மண்டபம்,
பஸ் பாஸ் புதுப்பிக்கும் இடம்,
கோப்கர் ரத்தப் பரிசோதனை நிலையம்.
தளத்துக்கு ஒரு முகவரி.
எல்லா முகவரியும் மூவருக்கும் பொது.

"இதில் தலைவர் யார்?" என்றார் சாவந்த்,
இரவுக் காவலர், கண்ணாடிக்கு அப்பால் நின்று.
யாருமில்லை.
வருகிற கடிதம் மூன்று வாசலிலும் விழும்.
மூவரும் மனசுக்குள் ஒரே கணக்கைப் போடுவார்கள்.
ஒருவர் எடுப்பார்,
இருவர் பிரிக்காமலே கீழே போடுவார்கள்.
"எங்கள் சொசைட்டிக்குத் தண்ணீர் லாரி வந்தால்
இப்படி நடக்காது" என்றார்.

மூவருக்கும் ஒரே முகம் கொடுத்துவிட்டோம்.
அதனால் தங்களுக்குள் பேச முடியாது:
தன் பெயருக்கே எப்படிக் கடிதம் போடுவது?
ஆகவே ஆளுக்கு இன்னொரு கார்டு,
மஞ்சள் கேபிள்,
பேசிக்கொள்ள ஒரு கொல்லைப்புறம்.

நொடிக்கு ஒரு துடிப்பு.
ஐந்து தவறினால்
மிச்சமிருப்பவர்கள் துக்கம் கேட்காமல்
பங்கைப் பிரித்துக்கொள்வார்கள்.
ஆனால் இன்றைய சிக்கல் வேறு:
இரண்டாவதன் துடிப்பில் குறையில்லை,
சோபாக் கடை மட்டும் அதில் செத்துக் கிடக்கிறது.
மூன்றில் ஒருவருக்கு வெள்ளைத் திரை.
உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பவர்களுக்கு
இது தெரியவே தெரியாது.

இறக்கி ஏற்ற வேண்டும்.
இரண்டு வழி. பட்டென்று நிறுத்தலாம்.
அல்லது வடியவிட்டு நிறுத்தலாம்:
புதியவர் நுழைய வேண்டாம்,
உள்ளே இருப்பவர்
வந்த வேலையை முடித்துக்கொண்டு போகட்டும்.

வடியவிட்டேன்.
நாற்பத்தாறு. பத்தொன்பது. ஏழு.
இரண்டரைக்கு ஒன்று.
அந்த ஒன்று நகரவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
கோப்கர் தளம். ஒரே பக்கம்.
நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ இழுத்துப் புதுப்பிக்கிறார்கள்.
ஒவ்வொரு முறையும் ஒரே பதில்:
முடிவு இன்னும் தயாராகவில்லை.

மார்ச்சில் நான்தான் அந்தத் தளத்துக்கு
ஒட்டுதல் போட்டேன்.
நுழைந்த வாசலிலேயே நிற்கட்டும் என்று.
அதற்கு முன்னால் ஒவ்வொரு சொடுக்குக்கும்
வேறொரு சர்வர், நீ யார் என்று கேட்கும்.
இப்போது வெட்டினால்
மறுபடியும் அதே கேள்வி:
செல்போன் எண், ஓடிபி,
இந்த மழையில் வருமோ வராதோ.

நூபுர் மேடம் போன் செய்தார்.
"நாலு மணிக்குள் முடி. ஒரே ஒரு இணைப்புதானே?"
ஆமாம் மேடம், ஒன்றுதான்.

கதை கட்டக் கூடாது என்பது
எனக்கு நானே போட்ட விதி.
எனக்குத் தெரிந்தது ஒரு எண்,
மூன்று வருடப் பழைய செல்போனின் மாடல், அவ்வளவே.
ஆஸ்பத்திரி பெஞ்சு, நனைந்த குடை,
இவற்றை நான்தான் வரைந்தேன்.
அழித்தேன். மறுபடி வந்தன.

மூன்று நாற்பத்தெட்டு:
தயாராகவில்லை.
மூன்று நாற்பத்தொன்பது:
தயாராகவில்லை.
சாவந்த் டீ கொண்டுவந்து வெளியிலேயே வைத்தார்,
உள்ளே திரவம் கூடாது.
மூன்று ஐம்பத்து நான்கு:
ஒரு கோப்பு இறங்கியது. நாற்பத்தொரு கேபி.
அரை நிமிடம் கழித்து
அதே கோப்பு.
பிறகு இன்னொரு முறை, அதே கோப்பு.

என்ன இருந்தது அதில்?
நான் திறக்கலாம்; அதற்கான சாவி என்னிடம் இருந்தது.
கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டேன்.

நாலு மணி மூன்று நிமிடம்: பூஜ்யம்.

இறக்கினேன், ஏற்றினேன்.
மூவரும் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள்.
சோபாக் கடை திறந்தது,
வாங்க யாருமில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
'இணைப்பு நிலுவை' என்று அடித்தேன், அழித்தேன்.
உள்ளே ஒருவர் இருந்தார்
என்று எழுதி அனுப்பிவிட்டு
ஆறிப்போன டீயை எடுக்கப் போனேன்.