இடக்கால்

இடிமுரசனுக்கு முதலில் அங்கி இருந்தது,
முழங்கால் மடிப்பைத் தொடும் சிவப்பு.
ஏழாம் பகுதியில் அதை எதிரி எரித்துவிட்டதாக
வசனம் ஒன்று வரும்.
எரித்தது கணக்குப் பிரிவு.
காற்றில் துணி மடிய
ஃபிரேமுக்கு நாற்பது நிமிடம் கேட்டது கணினி.
ஒரு நொடி பறக்கப் பதினாறு மணி நேரம்.
பெருக்கிப் பார்த்த பெனடிக்ட் லியாவ்
கோப்பிக் குவளையைக் கீழே வைத்து
"பறக்கிறவனுக்குத் துணி எதற்கு" என்றார்.

உபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே டயர்க்கடை, எதிரே பிஸ்கட் கிடங்கு.
முதல் பருவம் முழுக்க
வில்லன் குகையில் வெண்ணெய் வாசம்.
உங்களுக்கு அது வராது.

எலும்பு முறியும் ஓசைக்கு
செலரி சரிப்படவில்லை அஃபிக்காவுக்கு.
தேக்கா சந்தையிலிருந்து நான் கொண்டுபோன
முருங்கைக்காயை ஒலிவாங்கியருகே ஒடித்தாள்,
ஒரே எடுப்பில் சரி.
அன்றிரவு என் வீட்டுச் சாம்பாரில் மிதந்தன
பதினான்கு அடியாள்களின் விலா எலும்புகள்.

இடிந்து விழும் அடுக்குமாடிக்கு
எண் போடக்கூடாதென்று ஒளிபரப்பாளர் சொல்லிவிட்டார்,
யார் வீடும் இடியவேண்டாமாம்.
போடவில்லை.
ஆனால் ஒன்பதாம் மாடியில் நீட்டிய மூங்கில் கழியில்
பச்சைப் பாவாடை காய்கிறது பாருங்கள்,
அம்மா பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

நடைக்கு வருகிறேன்.
நாயகன் நடக்க ஒரு மாதிரி வேண்டும் என்று
கழிப்பறைக்கும் மின்தூக்கிக்கும் இடைப்பட்ட நடையில்
எல்லாரையும் நடக்கவிட்டோம்.
தீயணைப்புக் குழாய்ப் பெட்டியில் ஒட்டிய கைபேசி
பார்த்துக்கொண்டிருந்தது.
எல்லாரும் வீரன்போல் நடந்தார்கள்.
எர்வின் மட்டும்
கடைசிப் பேருந்து போய்விட்டவன்போல் நடந்தான்.
பதினோரு அடி.
அதைத்தான் வரைந்தோம், அப்படியே,
இடக்கால் இரண்டு ஃபிரேம் பிந்தி
தரை தொடுவதையும் சேர்த்து.
இலோயிலோவில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து
என்று முன்பே சொல்லியிருந்தான்.
திருத்த யாருக்கும் தோன்றவில்லை. நேரமுமில்லை.

இரண்டாம் பருவம் முடிந்த வெள்ளிக்கிழமை
அவனது வேலை அனுமதி நீட்டிக்கப்படவில்லை.
பீட்சா வாங்கினோம். பாதி மிஞ்சியது.
பகுதியின் இறுதியில் ஓடும் பெயர்களைச் சுருக்கி
மூலையில் ஒதுக்கி
அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் காட்டுவார்கள்,
அந்தத் தபால்தலை அளவுக்குள்
அவன் பெயர் ஒன்றே கால் நொடி.

கோப்பு மட்டும் இருந்தது:
நடை, எர்வின், இறுதி, நிஜமாகவே இறுதி, இரண்டு.
மூன்றாம் பருவத்திலும் அதையே போட்டோம்.

பிறகு பிள்ளைகளின் கடிதங்கள் வந்தன.
இடிமுரசன் ஏன் நொண்டுகிறான்?
கதைக்குழுவில் குமுதவல்லி
பேனாவைக் கடித்தபடி நிமிர்ந்தாள்.
நொண்டுகிறானா?
முப்பத்து மூன்றாம் பகுதி அப்படிப் பிறந்தது:
ஒன்பது வயது, பெருமழை, கால்வாய்,
அடித்துச் செல்லப்படும் நாய்க்குட்டி, குதிப்பு.
அந்த மழையை எட்டு அடுக்காகக் கோத்தவள் நான்.
எங்கள் தளத்திலேயே அழுதார்கள்,
அழுதவர்களில் பெனடிக்ட் லியாவும் உண்டு.

போன வாரம் பாய லேபார் நிலையத்தில்
பள்ளிப்பையோடு ஒரு பையன்
இடக்காலைத் தாமதித்துத் தாமதித்து வைத்தான்.
"ஒழுங்கா நடடா" என்று தலையில் தட்டினாள் தாய்.
ஒழுங்காகத்தான் நடந்தான்.
இரண்டு ஃபிரேம். எண்ணினேன்.

ரயிலில் நின்றபடியே எர்வினுக்கு எழுதினேன்,
பையனை, கடிதங்களை, கால்வாயை, நாயை.
புகித் பாஞ்சாங் வருவதற்குள் பதில்:
"நாயா?
எனக்குக் குறுக்கே வந்தது கோழி."

கோழி பிழைத்ததா என்று கேட்டிருக்கிறேன்.
ஒற்றைச் சாம்பல் குறி,
மூன்று நாளாக.