நாலு விரல் தண்ணி

மணி நாலேகால். சாமநத்தம் கண்மாய்க் கரை.
பைக் முன்விளக்கின் வெளிச்சத்தில்
பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் பிடிக்கிறேன்.
ஒரு குமிழிகூட உள்ளே போகக் கூடாது.
காற்றை அளக்க வந்தவள்
காற்றுப் படாமல் மூடுகிறேன்.

இரண்டு மருந்து, இரண்டிரண்டு மில்லி.
பழுப்பு இறங்கினால் நீரில் உயிர்வளி உண்டு.
வெள்ளை இறங்கினால் இல்லை.
இன்று இறங்கியது
மாவுப் பாத்திரம் கழுவிய வெள்ளை.

ப்ளக்.

"விரால்," என்கிறார் சோணைமுத்து, திரும்பிப் பார்க்காமலே.
கண்மாய்க் குத்தகை அவருக்கு; முப்பது வயதுதான்,
கடனுக்கு அதைவிட வயது.
"ராத்திரி முழுக்க இப்படித்தான். தண்ணி கெட்டா
அடிக்கடி மேல வரும்."

கரையோரம் ஜிலேபிகள்
வாய் பிளந்து நீரின் மேல்தோலை உறிஞ்சுகின்றன.
வானம் அவற்றின் உதட்டிலிருந்து ஒரு நூல் தூரம்.
அந்த நூலைத் தாண்ட உள்ளே உறுப்பில்லை.
விடிந்தால் வெள்ளை வயிறு,
பிறகு நாற்றம்,
பிறகு என் ஆபீசுக்கு ஒரு மனு.

"விராலுக்கு மட்டும் எப்படி?" என்றார்.
நான் படித்ததைச் சொன்னேன்:
ஒருமுறை நடந்ததில்லை அது,
பல குளத்தில், பல குலத்தில், பல முறை.
வெயிலில் சேறு காய்ந்து, இலை அழுகி,
நீருக்குள் மூச்சு தீர்ந்த ஏதோ ஓர் இரவு.
யாரும் முடிவெடுக்கவில்லை.
கூட்டத்தில் ஒன்றுக்குத் தொண்டைச் சவ்வில்
ரத்தம் ஒரு மயிரளவு கூடுதலாய் ஓடியது.
அது மறுநாளும் இருந்தது.
அவ்வளவுதான் கதை; மிச்சம் மறுநாள்கள்.

பனையேறிக் கெண்டையின் தலைக்குள்
மடிப்பு மடிப்பாய் ஓர் எலும்புப் பூ.
தேளிக்கு முதுகோரம் நீளமாய் இரண்டு பை.
விராலுக்குச் செவுள் மேலே ஓர் அறை,
அதற்கு வாடகையாய்
செவுளில் பாதியைக் கொடுத்துவிட்டது.

"அப்ப நம்மளும்?"
"நம்மளும்தான். வேற கிளை."
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
பீடியை அணைத்தார், பாதியிலேயே.

அந்திக்கு விட்ட வலையை இழுக்கிறார்.
மேலே ஆகாயத்தாமரை:
பெயர் வைத்தவர் பூவைப் பார்த்து வைத்திருப்பார்,
அடியிலிருந்து பார்த்தவருக்கு அது
ஆகாயத்தை அடைக்கிற தாமரை.
ஆழத்துக் கண்ணியில் ஒரு விரால்,
முழங்கை நீளம்,
ஒரு காயமில்லை, விறைத்திருந்தது.

"மேல வர முடியல. தண்ணியில மூழ்கிச் செத்துருச்சு."

மீனைப் பற்றி இப்படியொரு வாக்கியத்தை
எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறார்.
நான் ஒரு எட்டுப் பின்வாங்கி
கரையில் ஏறி நின்றேன்.
எனக்கு நீச்சல் தெரியாது.

படிவத்தில் எழுதினேன்:
கரைந்த உயிர்வளி, சுழியம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'ஏழு நிமிடத்தில் பதினொரு ப்ளக்'
என்று எழுதி, அடித்து,
மேலே மறுபடி எழுதினேன்.

ஏழு மணிக்குக் கரிமேடு.
ஜைத்தூன் பீவியின் அலுமினியத் தேக்சாவில்
ஒன்றன்மேல் ஒன்றாய் உயிர் விரால்.
வேலைக்குப் புதுசாய் வந்த பையன்
இரக்கப்பட்டு ஒரு குடம் தண்ணீரைச் சாய்க்கப் போனான்.
"டேய், விளிம்பு வரைக்கும் ஊத்தி மூடுனா
மூச்சு முட்டிச் செத்துரும்டா.
நாலு விரல் தண்ணி போதும்."
மூடியில் ஆணி அடித்த ஓட்டைகள்.
வரிசை எதுவும் இல்லை, ஆனாலும்
ஒன்று எழுந்து, மொண்டு, அமிழ,
இடுக்கில் இன்னொன்று எழுகிறது.

அரைக்கிலோ என்றேன்.
கையை விட்டுத் துழாவினாள்.
என் பங்கு
ஒரு வாய்க் காற்றோடு வெளியே வந்தது.