பஞ்சு வைத்த காற்சட்டை

தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை
இடப்பக்கம் கடல், தண்டவாளம்.
உப்புக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.
முப்பது நிமிடம்.

ஏற்றம் அதற்குப் பிறகுதான்:
கந்தோர் வாசலிலிருந்து லிஃப்ட் வரை
பதினெட்டு அடி.

கிளிப்பச்சைச் சட்டை, ஒட்டிய கறுப்புக் காற்சட்டை,
ஒளிக்க இடமின்றிக்
கூடவே வரும் என் தொப்பை.

"சர்க்கஸ் எத்தனை மணிக்கு, சேர்?"
"பின்னால என்ன, தலையணையோ?
மீட்டிங்கில நித்திரை கொள்ளவோ?"
கணக்குப் பிரிவு ரிஷாட் தொடங்குவான்.
தில்ருக்ஷி கோப்பால் முகத்தை மூடிக்கொள்வாள்,
தோள் மட்டும் குலுங்கும்.
நானும் சிரிப்பேன்.
சிரித்தால் கெதியாக முடியும்.

கழுவும் அறையில் ஒரு வாளித் தண்ணீர்,
பவுடர், வெள்ளைச் சட்டை, டை:
மறுபடி குகதாசன் சேர்.
ஜன்னல் கம்பியில் காயும் கிளிப்பச்சைக்கு
மத்தியானச் சோற்றோடு இன்னொரு பகிடி.

போன வெள்ளி, படிக்கட்டில் ரிஷாட்.
மேலும் கீழும் பார்த்தான்.
"வேனை வித்தாச்சு, சேர்.
அந்தக் காற்சட்டை... என்ன விலை?"

விலை சொன்னேன், கடை சொன்னேன்,
உள்ளே வேறொன்றும் போடக்கூடாது என்பதையும் சொன்னேன்.
காது சிவந்து இறங்கிப் போனான்.

இன்று காலை லிஃப்டடியில்
"சர்க்கஸ் வந்திட்டுது!" அவனேதான்.
குரல் மட்டும் ஒரு படி இறங்கியிருந்தது.
வலக்காலில், மடிப்புக் குலையாத நீளக் காற்சட்டையின் விளிம்பில்
சங்கிலி மசி, நான்கு பல்.

சவர்க்காரத்துக்குப் போகாது,
மண்ணெண்ணெய் வேண்டும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
லிஃப்ட் வந்துவிட்டது.