ஒன்பதில் ஆறாவது

நாளைக்கு மூன்று பெண்கள், பாங்காக்கிலிருந்து.
அக்கா தங்கைகள். சியாங் மாயில்
ஒரே நாளில் ஒன்பது கோயில் வேண்டுமாம்.
ஒன்பதுக்கும் முன்னேற்றத்துக்கும்
எங்கள் நாக்கில் ஒரே சத்தம்.
எட்டோடு நிறுத்தினால்
வாழ்க்கை நடுரோட்டில் நின்றுபோகும் என்கிறாள் மூத்தவள்,
போனில், எதையோ மென்றுகொண்டே.

சரி.
விழாத லாட்டரிச் சீட்டின் முதுகில் எழுதுகிறேன்.

ஐந்தரை, மலைமேல் சுதேப்.
முன்னூறு படி. மூத்தவளுக்கு முழங்கால் வலி,
குரலிலேயே தெரிகிறது.
இழுவைப் பெட்டியில் ஏறினால்
புண்ணியத்தில் பிடித்தம் உண்டா என்று கேட்பாள்.
இல்லை என்று சட்டென்று சொல்ல வேண்டும்.

அடுத்தது உமோங். சுரங்கம், குளிர்ச்சி,
கழிப்பறை சுத்தம்.
சுவான் டோக்கில் வெள்ளைச் சமாதிகள்:
படம் எடுக்க இருபது நிமிடம்,
எடுத்த படம் பிடிக்காமல் மறுபடி எடுக்கப் பத்து.
நாலாவதில் காவலாளி கடன்காரன்,
வண்டி நிறுத்தக் காசு கேட்கமாட்டான்.
காவ் சோய். மாட்டுக்கறி ஆகுமா, கேள்.
செடி லுவாங்கில் இடிந்த கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்,
எப்போது கட்டி முடிப்பீர்கள் என்பார்கள்.

ஆறாவது, மூன்று மணி.
பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத கோயில்.
தங்கம் இல்லை, கதை இல்லை.
ஒரு பலாமரம். நிழல்.
'எஞ்சின் ஆற' என்று எழுதுகிறேன்.

பதினைந்து நாளுக்கு என்றுதான்
மொட்டை அடித்துக்கொண்டான் பிரசோங்,
அவன் அம்மா செத்தபோது.
பதினோரு மழைக்காலம் ஆகிவிட்டது.
மூன்று மணிக்கு முற்றம் கூட்டுவான், இடது கையால்.
சாத்தி வைத்த துடைப்பங்களில்
எது அவனுடையது என்று
தேய்ந்த பக்கம் பார்த்தே சொல்வேன்.
நான் இறங்குவதில்லை.
அவனும் என்னைப் பார்ப்பதில்லை,
டயரைப் பார்ப்பான்.
காற்று குறைந்திருந்தால்
கூட்டுவது ஒரு நொடி நிற்கும்.

இரவு பத்தரைக்குச் சின்னவளிடமிருந்து செய்தி:
'ஆறாவது வேண்டாம் அக்கா.
மலை தெரியும் காபிக்கடை ஒன்று இருக்கிறதாம்,
தோட்டத்தில் ஒரு புத்தரும் இருக்கிறாராம்.
அவரையே எண்ணிக்கொள்கிறோம்.'

சரி அம்மா, என்று அனுப்பினேன்.
அடித்துவிட்டு மேலே 'காபி' என்று எழுதினேன்.

ஆனால் இந்தச் சிவப்பு வண்டிக்கு இருபத்து மூன்று வயது.
அது யார் செய்தியும் படிப்பதில்லை.
காபிக்கடைக்குப் போகும் வழியில்,
மூன்று மணி வாக்கில்,
ஒரு பலாமர நிழலைக் கண்டால்
அது கொதித்தே தீரும்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்பேன்.
பெண் கையில் நேராகத் தரக்கூடாது.
வாளியைத் தரையில் வைத்து
இரண்டடி பின்னால் போவான்.
நான் எடுத்துக்கொள்வேன்,
பிடி இன்னும் சூடாக இருக்கும்போதே.

பிறகு ஏழாவது.
நாலரைக்குள் போய்ச் சேராவிட்டால்
அங்கே நிறுத்த இடம் கிடைக்காது.